'வேண்டாம்' என்பதற்குக் கட்டம் இல்லை

மாலை நாலு பத்துக்கு என் மகள் நித்யா போன் செய்தாள். "அம்மா, தாராவியில ஒரு வீட்ல என்னை உட்கார வச்சிருக்காங்க. நீ வந்தாத்தான் விடுவாங்களாம்."

மாதுங்காவில் ஒரு மார்க்கெட் ரிசர்ச் கம்பெனியில் இருபது வருடமாக நான் ஃபீல்டு சூப்பர்வைசர். கல்லூரி விடுமுறையில் சும்மா இருக்கிறாளே என்று மகளை நானேதான் சர்வேக்கு அனுப்பினேன்.

அது ஒரு பில்டருக்கான சர்வே. ஒரு கல்லியை, அதாவது குறுகலான தெருவை, இடித்து மாடி வீடு கட்டினால் அங்கிருப்பவர்களுக்குப் பிடிக்குமா என்பது கேள்வி. டேப்லெட்டில் மூன்றே பதில்கள்: மிகவும் விருப்பம், விருப்பம், ஓரளவு விருப்பம். ஒன்றைத் தொடாமல் அடுத்த கேள்வி வராது. முதல் நாளே நித்யா கேட்டாள்: "வேண்டாம்னு சொல்றவங்களுக்கு எதைம்மா அமுக்கறது?"

"ஓரளவைப் போட்டுட்டு மேல போ" என்றேன். சோப்பு சர்வே, டீத்தூள் சர்வே என்று எல்லாப் பெண்களுக்கும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

போன வாரம் கல்லி முனையில் பில்டர் பேனர் கட்டிவிட்டான். 'தாராவி மாறிவிட்டது, எல்லோருக்கும் மாடி வீடு வேண்டும் என்கிறது சர்வே.' அது தெரியாமல் இவள் இரண்டாம் சுற்றுக்கு அதே கல்லிக்குப் போயிருக்கிறாள்.

எங்கள் மேனேஜருக்குப் போன் செய்து சொன்னேன். "எமோஷனல் ஆகாதீங்க மேடம், மீட்டிங் முடிச்சிட்டு வரேன்" என்று வைத்துவிட்டார். டாக்ஸி பிடித்து ஓடினேன்.

இசக்கியம்மாள் வீடு. கீழே முறுக்கு அடுப்பு, மேலே குடும்பம். நித்யா டீ கிளாஸோடு அழுத முகமாக உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள்.

"நீங்கதான் இவ அம்மையா? பிள்ளைய நாங்க ஒண்ணும் செய்யல" என்றாள் இசக்கியம்மாள். "ஏழாவது மாடியில எவன் என்னைய எண்ணெச்சட்டி வைக்க விடுவான்? வேண்டாம்னு மூணு வாட்டி சொன்னேன். உங்க மவ தலைய ஆட்டி ஆட்டி அமுக்குனா. என்னத்த அமுக்குனா?"

"கேக்குறதுக்கு ஆளு அனுப்புவாவ யக்கா, காது அனுப்ப மாட்டாவ" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"நான்தான் அப்படி அமுக்கச் சொன்னேன்" என்றேன்.

"அப்ப அத எழுதிக் குடுங்க."

எழுதினேன். இந்தக் கல்லியில் வேண்டாம் என்றவர்களையும் விருப்பம் என்றே பதிந்தோம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வேலை போகும் என்று தெரியும். கேள்வி எழுதியவன் ஏசி அறையில் இருந்தான், பதில் சொல்ல என் பிள்ளை அல்லவா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்?

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: மறுப்பதற்குக் கட்டம் இல்லாத கேள்விகளோடு யார் வீட்டுப் படியும் ஏறாதீர்கள்.

கிளம்பும்போது இசக்கியம்மாள் நித்யாவின் கையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தைத் திணித்தாள். அப்போதுதான் மேனேஜர் வந்தார். ஷூவில் எண்ணெய் படாமலிருக்க வாசலிலேயே நின்றார். நித்யாவின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

"டேப்லெட் சேஃப்தானே?" என்றார். "வந்ததே வந்தோம், பாக்கி வீட்டையும் இன்னைக்கே முடிச்சிடலாமா?"