தடுப்புக்கு அந்தப் பக்கம் என் மகன்

போன கோடை விடுமுறையில் நடந்தது இது. என் கணவருக்குக் கான்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. லீவுக்கு எங்களை அங்கே வரச் சொன்னார். ஆம்பூரிலிருந்து நானும் நான்கு வயது மகனும் மட்டும் விடியற்காலையில் காரில் கிளம்பி விமான நிலையத்துக்குப் போனோம். எங்கள் இருவருக்குமே அதுதான் முதல் விமானப் பயணம்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். எதைக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்று பத்து நாளாக வீடியோ பார்த்துப் பட்டியல் எழுதினேன். மகனுக்கும் தினமும் பாடம் நடத்தினேன்.

"அம்மா எந்த இடத்துல நிக்கச் சொல்றனோ அங்கியே நிக்கணும். யாரு கூப்ட்டாலும் போகக் கூடாது."

"தாத்தா கூப்ட்டா?"

"தாத்தா இன்னாத்துக்குடா ஏர்போர்ட்டுக்கு வர்றாரு?"

இப்படி ஒப்பிக்க வைத்து ஒப்பிக்க வைத்து, அது அவன் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

ஆறு மாதம் கழித்துக் கணவரைப் பார்க்கப் போகிறோமே என்று, எங்கள் ஷூ கம்பெனியில் ஊழியர்களுக்கு விலை குறைத்துக் கொடுத்த ஹீல்ஸ் ஷூவைப் போட்டிருந்தேன். அதன் அடியில் பாதத்தைத் தாங்க ஓர் இரும்புத் தகடு இருக்கும். அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஷூவை வளைத்து வளைத்துப் பார்ப்பதுதான் அங்கே என் வேலை. அத்தனை பட்டியல் போட்ட எனக்கு அது மட்டும் ஞாபகம் வரவில்லை.

பாதுகாப்புச் சோதனையில் மகன் எனக்கு முன்னால் போனான். சத்தம் எதுவும் வரவில்லை. அந்தப் பக்கம் எங்கள் பை வந்து சேரும் இடத்தைக் காட்டி, "அங்க நில்லு, நகராத" என்றேன். அடுத்து நான் நுழைந்ததும் 'பீப்' என்றது. அங்கிருந்த இளம் பெண் அதிகாரி என் காலைக் காட்டி இந்தியில் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினார்.

எனக்குப் பின்னால் நின்றிருந்த, வரிசையிலேயே என்னோடு பேசிப் பழகிவிட்ட, ஐம்பது வயதிருக்கும் ஒரு வாணியம்பாடி அம்மா, "ஷூவக் கழட்டி மெஷின்ல போடச் சொல்றாங்கம்மா. உள்ள இன்னா வெச்சிருக்கே?" என்று கேட்டார்.

"இரும்புத் தகடும்மா. நான் ஷூ கம்பெனியிலதான் வேல செய்றேன்..."

"அடிப்பாவி! செய்றவளே மாட்டிக்கினியா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துக்கொண்டே குனிந்து பக்கிளை அவிழ்த்து ஒரு ஷூவைக் கழற்றினேன். அப்போதுதான் அபாய மணி அடித்தது.

முதலில் யாருமே அசையவில்லை. பிறகு வயர் எரிகிற நாற்றம் வந்தது. சோதனை முடிந்து போகிற பக்கத்தில் இருந்த ஒரு டீக்கடையின் மேலே கறுப்பாகப் புகை. சீருடைக்காரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். சோதனை முடிந்தவர்களை அந்தப் பக்கத்து அவசர வழியாகவும், முடியாதவர்களை வந்த வழியாகவே வாசலுக்கும் அனுப்பினார்கள்.

நான் இந்தப் பக்கம். என் மகன் அந்தப் பக்கம்.

ஒற்றை ஷூவோடு ஓடினேன். அந்தப் பெண் அதிகாரி இரண்டு கையையும் விரித்து மறித்தார். "மேரா பச்சா!" என்று கத்தினேன். 'என் பிள்ளை' என்று சொல்ல, பக்கத்து வீட்டில் கேட்டுப் பழகிய உருது அவ்வளவுதான் வாயில் வந்தது. அவர் விடவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக, "உனுக்குப் புள்ள இருந்தா இப்பிடி நிறுத்துவியா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். வாணியம்பாடி அம்மா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. எனக்காக இந்தியில் வேகமாகப் பேசிவிட்டு, அதிகாரியின் பதிலை எனக்குச் சொன்னார்.

"செக் பண்ணாதவங்கள ஒருத்தர விட்டாகூட, எல்லாரும் பின்னாடியே ஓடி வந்துடுவாங்களாம்மா. அங்க இருக்கறது ஒரே ஒரு கதவாம். புள்ளைங்க நசுங்கிடும்னு சொல்றாங்க."

"அப்போ அவன இங்க தூக்கினு வரச் சொல்லுங்கம்மா!"

"கூட்டத்துக்கு எதிர்ல தூக்கினு வர முடியாதாம். கூட ஆள் அனுப்பியாச்சாம். உன் புள்ளதான் வர மாட்டேங்கறான், பாரு."

பார்த்தேன். எல்லாரும் கதவை நோக்கி ஓடிக்கொண்டிருக்க, என் மகன் மட்டும் பைகள் வரும் மேசையின் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னொரு பெண் காவலர் அவனைத் தூக்கப் பார்த்தார். அவன் உதைத்தான். "அம்மா வர்ற வரைக்கும் வர மாட்டேன்!" என்று அவன் கத்தியது அந்த மணிச் சத்தத்திலும் கேட்டது. நான் சொல்லிக் கொடுத்ததை ஓர் எழுத்து பிசகாமல் செய்துகொண்டிருந்தான்.

அதிகாரி என் தோளைப் பிடித்து அவன் பக்கம் திருப்பினார். அவர் சொன்னதை வாணியம்பாடி அம்மா மொழிபெயர்த்தார். "நீ சொன்னாதான் கேப்பான். நீயே சொல்லும்மா."

பெயர் தெரியாத ஒருவரோடு, எங்கே போகிறது என்று தெரியாத கதவு வழியாக, என்னை விட்டுப் போகும்படி நானே சொல்ல வேண்டும். சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லாமல் ஏதாவது ஆகிவிட்டால்? புகை மேலேயிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணா! அந்த அக்கா கூட போ! அம்மா சொல்றேன், போடா!"

அவன் என்னைப் பார்த்தான். நம்பவில்லை. இன்னொரு தடவை, கோபமாகக் கத்தினேன். மேசைக் காலை விட்டுவிட்டு அந்தக் காவலரிடம் கை நீட்டினான். அந்தக் காவலர் அவனை வாரித் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடினார். அதன் பிறகுதான் நான் அங்கிருந்து நகர்ந்தேன்.

வெளியே வெயிலில், ஒரு காலில் ஷூவோடு நின்று அழுதேன். வாணியம்பாடி அம்மா என் கையை விடவே இல்லை. "கவர்மெண்டு கையில இருக்கறான், எங்க போயிடுவான்? உன்ன மாதிரி பேஜார் புடிச்ச ஆளு கையில இருக்கறதுக்கு அது தேவல" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் கடைசியாக அந்தப் பெண் அதிகாரி வியர்த்து வழிய வெளியே வந்தார். நேராக என்னைத் தேடி வந்து தன் போனை நீட்டினார். அதில் அந்தக் காவலர் எடுத்து அனுப்பிய என் மகனின் படம். விமானத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸில், மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தான். மன்னிப்பு கேட்க எனக்கு இந்தி தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் தலையைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

டீக்கடையில் எரிந்தது ஒரு வயர்தான், யாருக்கும் காயமில்லை என்றார்கள். முக்கால் மணி நேரம் கழித்து மகனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இடுப்பில் ஏறியதும் என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, "நீ சொன்னேன்னுதான் போனேன். இல்லன்னா போயிருக்கவே மாட்டேன்" என்றான், ஏதோ என்மேல் தப்பு போல.

மறுபடி முதலிலிருந்து சோதனை செய்துதான் உள்ளே விட்டார்கள். எனக்குச் சலிப்பே வரவில்லை.

அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது சரியா, தப்பா என்று இன்றும் அடிக்கடி யோசிக்கிறேன். தப்பில்லை, பாதிதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. எப்போது நிற்க வேண்டும் என்று சொன்ன நான், எப்போது ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. இப்போது இரண்டையும் சொல்கிறேன். இருந்தும், நான் பக்கத்தில் இல்லாத ஒரு நாளில் அவன் எதைச் செய்வானோ என்ற பயம் போகவில்லை. அந்தப் பயம் வரும்போதெல்லாம், மேசைக் காலை விட்டுவிட்டு அவன் கை நீட்டிய அந்த நொடியை நினைத்துக்கொள்வேன். பிடித்துக்கொள்ள மட்டுமே தெரிந்த எனக்கு அன்று 'போ' என்று சொல்லவும் வாய் வந்ததே என்பதுதான் இன்றுவரை எனக்குப் பெரிய நிம்மதி.