மாமா வரைந்த வெறும் கதிரை

என் மகள் கரித்துண்டால் சுவரில் கண்ணும் மூக்கும் வைத்து உருவம் வரைகிறாள். நேற்று அழித்தேன். அழித்தது சரிதானா என்று மனம் உறுத்தியது. இன்று திரும்பவும் வரைந்தபோது பார்க்காதவள்போல அடுப்படிக்குப் போய்விட்டேன். அதுவும் சரியா, தெரியவில்லை. அடுப்படியில் நின்றபோதுதான் மாமாவின் நினைவு வந்தது.

அவர் உம்மாவின் தம்பி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் வாப்பாவின் புடவைக்கடைக்குத் துணி அளக்க வந்தவர். கண்டி டவுனில் கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதப் பழகி, மிஞ்சிய வர்ணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படம் வரையத் தொடங்கினார். வாப்பா தடுக்கவில்லை. ஆனால் மார்க்கத்தைச் சொல்லி ஒரு கட்டளை போட்டார்: உயிருள்ள எதையும் இந்த வீட்டில் வரையக்கூடாது. வரைந்தால் அன்றைக்கே தூரிகைகளோடு வெளியேற வேண்டும்.

நான் யானைப் படம் கேட்டு அடம்பிடித்தேன். மாமா மகாவலியை வரைந்தார். கலங்கிய தண்ணீர், கரையில் பெரிய பெரிய சேற்றுத் தடங்கள், கல்லின்மேல் பாகன் தேய்த்துவிட்டுப் போட்ட தேங்காய் மட்டை.

"ஆனை எங்க ஈக்கி?" என்றார் வாப்பா.

"குளிச்சிட்டு இப்பதான் எழும்பிப் போய்ட்டுது, மச்சான்."

வாப்பா சிரிப்பை மறைக்கத் தாடியைத் தடவிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

மாமாவின் ஆசை வேறு. தன் ராத்தாவை, என் உம்மாவை, வரைய வேண்டும். உம்மா அப்போது நிறைமாதம். கால் வீங்கி, முன் விறாந்தையில் பிரம்புக் கதிரையிலேயே இருப்பார். காலையில் கடைக்குப் புறப்படும் வாப்பா அந்தக் கதிரையடியில் நின்று, "போய்ட்டு வாரன்" என்பார். உம்மா "ஓ" என்பார். அதற்குப் பிறகுதான் செருப்பைப் போடுவார்.

மாமா கெஞ்சியபோது உம்மா சம்மதிக்கவில்லை. "ஒன்ன வீட்டுல வெக்க மாட்டார், தம்பி. பேசாம இரி."

ஒரு நாள் உம்மா லுஹர் தொழ உள்ளே போனதும், மாமா வெறும் கதிரைக்கு முன்னால் உட்கார்ந்து வரையத் தொடங்கிவிட்டார். உம்மா இடப்பக்கமாகச் சாய்ந்தே இருப்பதால் அந்தப் பக்கம் தொய்ந்துபோன பிரம்பு, கைப்பிடியில் முக்காட்டுத் துணி, கீழே ஒன்று மட்டும் கவிழ்ந்த செருப்புச் சோடி, ஊசியோடு விட்ட குழந்தைத் தொப்பி.

படத்தை வாப்பா கையில் எடுத்ததும் எனக்குப் பயம் பிடித்தது. மாமாவைத் துரத்திவிடுவாரோ என்று முந்திக்கொண்டு சொன்னேன்: "இதுல உம்மா இல்ல, வாப்பா. வெறும் கதிர."

வாப்பா வெகுநேரம் பார்த்தார். தொய்ந்த பிரம்புக்குக் கிட்டே அவர் விரல் போய், தொடாமல் நின்றது. "ஓ... ஒருத்தருமில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தானே ஆணி அடித்து, உள்ளறையில் மாட்டினார்.

அந்தப் பிரசவத்தில் உம்மா மௌத்தாகிப்போனார். மாமா கொழும்புக்குப் போனார். சுருட்டாத பாய், நனைந்த குடை, ஆறிய தேநீர் என்று ஆளில்லாத படங்களாகவே வரைந்து பேர் எடுத்தார். இது பாரிஸ் பாணி என்று துரைமார் சொல்கிறார்களாம். மாமா பாரிஸைக் கண்டவரல்ல. வாப்பாவின் கட்டளையைக் கண்டவர்.

உம்மா போன பிறகும் வாப்பா கடைக்குப் புறப்படுமுன் உள்ளறைக்குப் போவார். "போய்ட்டு வாரன்" என்று அங்கிருந்து குரல் கேட்கும்.

என்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து, வாசலில் நின்றபடி நான் தினமும் "ஓ, வாப்பா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.