நீடாமங்கலம் கேட்டில் எட்டு முகங்கள்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கால் மணி நேரமாகிறது. கல்லூரிப் பிராஜெக்டுக்காகக் காலையிலிருந்து வயல்களில் எடுத்த படங்களை, பைக்கில் உட்கார்ந்தபடி கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து மினி லாரியில் நடவு முடித்துத் திரும்பும் எட்டுப் பெண்கள். ஒரு அக்கா எட்டிப் பார்க்கிறார்.

"நடவுப் படமா? காட்டுங்க தம்பி."

ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.

"எல்லாத்துலயும் முதுகுதான் இருக்கு. எங்களுக்கு மூஞ்சி இல்லையா?"

எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குக் காது சூடாகிறது.

"இப்ப எடுக்கட்டுமாக்கா?"

அவர்கள் முந்தானையைச் சரிசெய்வதற்குள் ரயில் போய்விடுகிறது. கேட் திறக்கிறது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது.

"டிரைவரண்ணே, செத்த நில்லுங்க, படம் எடுக்குறாங்க!" என்று லாரி கேபினைத் தட்டிக் கத்துகிறார் அக்கா.

ஒரே ஒரு படம் எடுக்கிறேன். லாரி போன பிறகு பார்க்கிறேன். மாலை வெயில் நேராக அடித்தும் ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை.