இறக்கத்தில் எஞ்சின் எதற்கு

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது என் கணவர். கற்றுக்கொடுத்தார் என்று சொல்வது அவருக்குச் செய்கிற மரியாதை. உண்மையில் பின்னால் உட்கார்ந்து கத்தினார். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. பன்வில தோட்டத்துப் பாதை நெடுக நாங்கள் போட்ட சண்டையைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "டீச்சரம்மா, ஐயாவ எறக்கி வுட்டுட்டுப் போங்க!" என்று மலைமேலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்.

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இந்த வித்தை தேவைப்பட்டதற்கு அவருடைய கண்தான் காரணம். சீனி வியாதி கண்ணைப் பிடித்துவிட்டது. இனி வண்டி ஓட்டவே கூடாது என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னார். ஊசி போடுவோம், மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்போம் என்றும் சொன்னார். மனுஷர் அந்த இரண்டாவது பேச்சை மட்டும் காதில் போட்டுக்கொண்டார்.

"மூணு மாசந்தானே. அதுவரைக்கும் நீ ஓட்டு. டாக்டர் சரின்னதும் சாவி என் கைக்கு வந்துரணும்" என்றார். பதினெட்டு வருசம் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனவர். அவர் கண்டியில் துணிக்கடையில் வேலை செய்கிறார். என் பள்ளிக்கூடமும் அந்த வழியில்தான். சரி என்று தலையில் அடித்துக்கொண்டு சாவியை வாங்கினேன்.

ஓட்டத்தான் முடியாதே தவிர, வண்டியைப் பார்க்கிற வேலையை அவர் விடவில்லை. காலையில் டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். சங்கிலியைத் தொட்டு மேலும் கீழும் ஆட்டி, "ரொம்பவும் இறுக்கம் கூடாது, ரொம்பவும் தொங்கக் கூடாது" என்பார். மழை பெய்த மறுநாள் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போடாமல் கிளம்ப விடமாட்டார். செருப்போடு ஏறினால் இறக்கிவிடுவார். சப்பாத்துதான் போட வேண்டும். நான் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு கால்சட்டையோடு போய்ப் பள்ளிக்கூடத்தில் மாற்றிக்கொள்வேன். ஹெல்மெட்டின் பட்டியைப் பூட்டாமல் போகிறவர்களைக் கண்டால் நான் அவருக்குச் சொல்லிவிடக் கூடாது. "பானையக் கவுத்துக்கிட்டுப் போறான்" என்று ஒரு மைல் தூரம் திட்டிக்கொண்டு வருவார்.

இவ்வளவும் நல்ல பாடம். ஆனால் இரண்டு பாடம் தப்பு. ஒன்று, முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழுவாய் என்றது. மற்றது, இறக்கத்தில் எஞ்சினை அணைக்கச் சொன்னது.

மலைநாட்டுக்காரர்களுக்கு மட்டும் வந்த பைத்தியம் அது. பெற்றோல் கிடைக்காமல் அது விற்கிற செட் வாசலில் நாள் கணக்கில் வரிசை நின்ற காலத்தில், எங்களுக்கு இறக்கம் ஒவ்வொன்றும் சும்மா கிடைத்த பெற்றோல். சாவியை மூடி, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு உருண்டுகொண்டே போவோம். மேலே எஞ்சினை அணைத்தால் கீழே கடைத்தெரு வரும்போதுதான் திரும்ப முடுக்குவது. யார் அதிக தூரம் உருண்டார்கள் என்று பெருமை வேறு. வரிசை போய்விட்டது, பெற்றோலும் வந்துவிட்டது, அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. "எறக்கத்துல எஞ்சின் எதுக்கு? சும்மா போற வண்டிக்கு எண்ணெ ஊத்துவியா?" என்பார். எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

கிளினிக் நாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை அப்படித்தான் உருண்டோம். பின்னால் அவர், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பை நிறைய மாணவர்களின் கொப்பிகள். நான் பின் பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். கீழே வளைவு தெரிந்ததும் இன்னும் அழுத்தினேன். கால் உள்ளே போகிறது, வண்டி நிற்கவில்லை. வழி நெடுக மிதித்து மிதித்து பிரேக் சூடேறி, பிடிப்பதை விட்டுவிட்டது. ஹோனை அமுக்கினேன், சாவி மூடியிருந்ததால் அதுவும் செத்துக் கிடந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹோன் அடிக்கிறது.

"பிரேக் புடிக்கலங்க!" என்று கத்தினேன்.

"ரெண்டாவது கியர் போடு! க்ளட்ச்ச மெதுவா வுடு!" என்று தோளில் அடித்தார். "முன் பிரேக்கயும் புடி!"

"புடிச்சா வுழுவோம்னீங்களே!"

"பேசாம புடிடி!"

கியர் விழுந்தது. க்ளட்ச்சை விட்டதும் வண்டி உறுமி ஒரு உதறு உதறி வேகம் குறைந்தது. முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தேன். விழவில்லை. பாதையோரத்துச் சாக்கடைக் கானுக்கு ஒரு சாண் தள்ளி நின்றோம். பஸ் எங்களை உரசாத குறையாக மேலே ஏறிப் போனது.

ஹெல்மெட்டைக் கழற்றி வாய்க்கு வந்தபடி திட்டினேன். கட்டின நாளிலிருந்து சேர்த்துவைத்த எல்லாவற்றையும் திட்டினேன். "பஸ் எவ்ளோ கிட்ட வந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"சத்தம் கேட்டுச்சு" என்றார். பிரேக் ஆறும் வரை பாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். பிறகு எஞ்சினை முடுக்கி, சின்னக் கியரிலேயே இறங்கினேன்.

சனிக்கிழமை அக்குறணைக்குப் போய் உதிரிப்பாகக் கடையில் வண்டியைக் காட்டினோம். கடைக்கார நானா பின் சில்லைக் கழற்றி, கண்ணாடிபோல மினுங்கிக் கிடந்த பிரேக் ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"எஞ்சின ஓப் பண்ணிட்டு எறங்கினயா தங்கச்சி?"

நான் பின்னால் திரும்பி இவரைப் பார்த்தேன்.

"பெற்றோல் போலின், வரிசை எல்லாம் முடிஞ்சி எவ்வளவு காலம்! இன்னமும் மிச்சம் புடிக்கிறீங்களா?" என்று சிரித்தார் நானா. "எஞ்சின்தான் எறக்கத்துல பெரிய பிரேக். ஏறின கியர்லயே எறங்கணும். முன் பிரேக்கயும் சேத்துப் புடிக்கணும். அல்லாட காவல், ஒங்களுக்கு ஒண்ணும் ஆகல்ல. யாரு இப்படி ஓட்டச் சொல்லித் தந்த?"

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் இவர் முன்னால் வந்து, "நான்தான் நானா. பதினெட்டு வருசமா அப்படித்தான் ஓட்டினேன்" என்றார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர் தப்பைத் தானாக ஒத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்து, பாவமாகப் போய்விட்டது.

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போய் வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். முற்றத்திலிருந்து கூப்பிட்டார். பத்து மணி வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார், கையில் ஸ்பானர்.

"ஏறி ஒக்காரு. க்ளட்ச்சப் புடி."

பிடித்தேன். என் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்துத் தடவினார். "விரல் நுனிதான் எட்டுது. இத்தன நாளா இதோடயா ஓட்டின? வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?" என்றார். என் வாயைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

பிடியின் ஆணியைத் தளர்த்தித் திருப்பினார். கேபிளை அளந்து விட்டார். பின் பிரேக் மிதியையும் என் காலுக்குத் தக்கபடி தாழ்த்தினார். எல்லாம் கைத்தடவலில்தான்.

"எனக்குத் தக்க மாத்திட்டா, பொறகு நீங்க எப்படி ஓட்டுவீங்க? கிளினிக் அடுத்த வாரந்தானே?" என்று கேட்டேன்.

"டாக்டரு சொல்றதச் சொல்லட்டும். சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "இப்பப் புடிச்சுப் பாரு. எட்டுதா?"

நன்றாக எட்டியது. தலையை மட்டும் ஆட்டினேன். கையெட்டும் தூரத்தில் இருந்தும் அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை; முகத்தை என் பக்கம் திருப்பியபடியே காத்திருந்தார்.

"எட்டுதான்னு கேட்டேன் புள்ள" என்றார் மறுபடி.

"எட்டுதுங்க" என்றேன், சத்தமாக.