சாந்தமேரி எழுதிக்கொடுத்த பதில்கள்

கிள்ளானில், துறைமுகச் சாலையை ஒட்டிய ஒரு பண்டகசாலையில் சாந்தமேரி பத்தொன்பது ஆண்டுகள் சரக்குப் பதிவு எழுத்தராக இருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், வீட்டிலும் தேவாலயத்திலும் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர். நான் அதே பண்டகசாலையில் பணியாளர் கோப்புகளைப் பராமரித்தேன்.

அங்கே தாமதமாக வந்தாலும், ஒரு பெட்டியைப் போட்டு உடைத்தாலும், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். தொழிலாளர்கள் அதை ஷோ காஸ் என்பார்கள். மூன்று நாளுக்குள் ஆங்கிலத்தில், தாமே, தம் கைப்படப் பதில் எழுதவேண்டும். லோரி ஓட்டுநர் யுகேந்திரனுக்குத்தான் சாந்தமேரி முதன்முதலில் பதில் எழுதிக்கொடுத்தார். அவர் அதைப் பார்த்து எழுதினார். பிழையே இல்லாத கடிதம். நிர்வாக அதிகாரி திமோத்தி அதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். யுகேந்திரனால் இரண்டாம் வரியைத் தாண்ட முடியவில்லை. தாமதத்துக்கு எச்சரிக்கை, பிறரைக்கொண்டு எழுதியதற்கு ஒரு வாரம் சம்பளமில்லா விடுப்பு.

அதன் பிறகு சாந்தமேரி பிழைகளோடு எழுதத் தொடங்கினார். அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. ஆளைக் கேண்டீனில் எதிரே உட்காரவைத்து, நடந்ததை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வார்.

"ஐ வாஸ் கோ டு கிளினிக்," என்பார் யுகேந்திரன்.

"அது அப்படியே இருக்கட்டும்."

சரக்கு ஏற்றும் ராசிக்குக்கு 'ஹி'யும் 'ஷி'யும் ஒன்றுதான். "ஹி சிக், ஸோ ஐ ஸ்டே ஹோம்."

"யாரு சிக்? உங்க அண்ணனா?" என்று அடுத்த மேசையிலிருந்து கேட்டார், பேக்கிங் பிரிவுக் குமுதா.

"என் பொண்டாட்டிலா. மலாய்ல ஆம்பள, பொம்பள எல்லாம் ஒரே டியாதானே."

"அவங்க கேட்டா தெரியும் சேதி."

அந்த 'ஹி' கடிதத்திலும் நின்றது. ஒருவருடைய பிழை மற்றவர் கடிதத்தில் வராது. திமோத்தி படித்துச் சிரிப்பார். சிரித்துவிட்டால் பெரும்பாலும் மன்னித்துவிடுவார். பதினொரு ஆண்டுகளில் அக்கடிதங்களால் ஒருவருக்கும் வேலை போகவில்லை. வரிசை எண் இட்டு அவற்றைக் கோப்பில் வைத்தவன் நான்.

நான் ஓய்வு பெற்ற ஆண்டில், செலாயாங்குக்குப் போகவேண்டிய சரக்கு பந்திங்குக்குப் போய்விட்டது. ஷோ காஸ் சாந்தமேரியின் பெயருக்கு வந்தது. அவருடைய பதிவேட்டில் முகவரி சரியாகவே இருந்தது. உணவு இடைவேளையில் ஒரு பக்கம் எழுதி, திரும்பப் படிக்காமல் கொடுத்தார்.

மறுநாள் திமோத்தி அவரை அழைத்தார். கோப்புடன் நானும் அறையில் இருந்தேன்.

"சிஸ்டர் மேரி, இது நீங்களே எழுதினதா?"

"ஆமா சார்."

"'ஐ வாஸ் ரைட் தி கரெக்ட் அட்ரஸ்.' அப்புறம், 'தி டிரைவர், ஷி டோன்ட் செக்.' ரெக்கார்ட் கிளார்க் எழுதுற இங்கிலீஷா இது?"

சாந்தமேரி தாளை வாங்கி இருமுறை படித்தார்.

"எனக்குச் சரியாத்தான் சார் தெரியுது."

"சரக்கு மாறிப் போனதுல உங்க மேல தப்பு இல்ல. வேலை போகாது. ஆனா அந்த மேசைக்கு எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும்."

பதினொரு ஆண்டுகள் பிறருக்காகப் பிழையோடு எழுதிய காரணத்தைச் சொல்லியிருந்தால் மேசை அவரிடமே இருந்திருக்கலாம். ஆனால் அவர் எழுதிக்கொடுத்த இருபத்தாறு பேருடைய பழைய கடிதங்கள் மீண்டும் திறக்கப்பட்டிருக்கும். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் கோப்பை மூடினேன்.

"எந்தப் பிரிவு சார்?"

"பேக்கிங்."

"சரி சார்."

திங்கட்கிழமை முதல் அவர் குமுதாவுக்கு அடுத்த இடத்தில் நின்று பெட்டிகளுக்கு டேப் ஒட்டினார். அந்த வாரமே ராசிக் கேண்டீனுக்கு ஒரு தாளைக் கொண்டுவந்தார்.

"மேரி அக்கா, எனக்கு வந்திருக்கு."

"நீங்களே எழுதுங்க ராசிக்."

"எனக்கு வராதுக்கா."

"வர்ற மாதிரி எழுதுங்க."

ராசிக் எழுதினார். சாந்தமேரி எதிரே அமர்ந்து சோற்றை உண்டு முடித்தார். ராசிக் தாளை அவர் பக்கம் நகர்த்தியபோது, கை கழுவ எழுந்து போனார்.