‘சில நேரம் ஆகிறது, செக் பண்ணவும்’

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று சில வாரங்களாக இதைத் தள்ளிப்போட்டு வந்தேன். ஆறவில்லை. எழுதிவிடுகிறேன்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டப வாசல். சனிக்கிழமை சாயங்காலம். என் நாத்தனார் மகள் சௌமியா ரிசப்ஷன் புடவையும் முழு மேக்கப்புமாகக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறாள். இறங்க மாட்டேன் என்கிறாள்.

“அத்த, உள்ள வேற யாரோட விசேஷமோ நடக்குது. நான் எங்க போய் நிக்கறது?”

நியாயமான கேள்வி.

வாசலில் பூவால் செய்த பலகை. அதில் வேறொரு மாப்பிள்ளையின் பெயர். கீழே ‘வலீமா விருந்து’ என்று எழுதியிருந்தது. பின்பக்கம் பிரியாணி தம்மில் இருக்கிற வாசனை தெரு முழுக்க. எங்கள் சமையல்காரரோ காய்கறி மூட்டைகளோடு வேனில் வந்து இறங்கி, மூக்கை உறிஞ்சிவிட்டு, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

நம் ஊர் வழக்கம் தெரியுமல்லவா? ஞாயிறு காலை முகூர்த்தம் என்றால் சனி சாயங்காலமே மண்டபம் நம் கைக்கு வந்துவிடும். மாப்பிள்ளை அழைப்பு, ரிசப்ஷன் எல்லாம் முதல் நாளே முடிய வேண்டும். அப்படித்தான் பதிவு செய்திருந்தோம். ஆனால் ஏற்கெனவே ஜாஃபர் பாய் குடும்பம் உள்ளே இருக்கிறது. பரங்கிப்பேட்டைக்காரர், பலகையில் பெயர் இருந்த மாப்பிள்ளையின் அப்பா. காலையில் ஊரில் நிக்காஹ் முடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் தரும் அந்த வலீமா விருந்தை இங்கே வைத்திருக்கிறார்.

அவர் போனை எடுத்துக் காட்டினார். “பாருங்கம்மா. சனிக்கிழமை மாலை, பதிவு உறுதின்னு மெசேஜ் வந்திருக்கு. நானாவா டைப் பண்ணன்?”

நாத்தனாரின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், அவரும் தன் போனை நீட்டினார். அதிலும் உறுதி.

“எங்கிட்டயும் மெசேஜ் இருக்கு, உங்ககிட்டயும் இருக்கு. அப்ப யாரு பொய் சொல்றது?” என்று பாய் திரும்பியது மண்டப மேனேஜர் தனசேகர் பக்கம். மொத்தக் கூட்டமும் அவர் பக்கம் திரும்பியது.

“ஜாஸ்தி குடுத்தவங்களுக்கு மாத்தி உட்டுட்டியா?” — யாரோ பின்னாலிருந்து.

தனசேகர் கையெடுத்துக் கும்பிட்டார். “சார், கம்ப்யூட்டர்ல சனி சாயங்காலம் காலின்னு பச்சையா காட்டுச்சு சார். பச்சையா இருந்தாத்தான் நான் குடுப்பன்? நீங்களே வந்து பாருங்க.”

வாசலை ஒட்டிய தன் அறைக்குக் கூட்டிப்போய்த் திரையைத் திருப்பினார். எல்லோரும் பச்சையைப் பார்த்தார்கள், சிவப்பைப் பார்த்தார்கள். நான் பார்த்தது மூலையில் இருந்த சின்னத்தை. தினமும் என் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையில் இருக்கும் அதே சின்னம்.

ஆமாம். என் ஆபீஸ் செய்த சாஃப்ட்வேர்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்ப்பவள் என்பது வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். நான் பார்ப்பது கடைக் கணக்கு சாஃப்ட்வேர். மண்டபப் பதிவு வேறு டீம். ஆனால் அந்த நிமிடத்தில் அந்த வேறுபாட்டை யாருக்கு விளக்குவது? கழுத்தில் நகை மட்டும்தான் இருந்தது, அட்டை இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரித்துச் சொன்னால் மறுபடி ரத்தம் கொதிக்கும்.

பாய் விட்டுக்கொடுக்கவில்லை. ஏன் கொடுக்க வேண்டும்? “என் விருந்தாளிங்கள வாசல்ல நிக்க வைக்க மாட்டன். அவ்ளோதான்” என்றார். அண்ணன் குரல் உடைந்து, “எம் பொண்ணு கார்ல உக்காந்து அழுவுது பாய்” என்றார். பாய் காரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார். விருந்தைச் சீக்கிரம் முடித்து மேடையைத் தருகிறோம், அதுவரை பொறுங்கள் என்று ஏற்பாடு. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் பந்தியில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர்களோடு ஒரு போட்டோ நிம்மதியாக எடுக்க முடியவில்லை. எங்கள் சாம்பார் கார் நிறுத்தும் இடத்தில் கொதித்தது.

சௌமியா மேடை ஏறும்போது எங்கள் விருந்தாளிகளில் பாதிப்பேர் பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, “மண்டபத்தையே ஒழுங்கா பாக்கத் தெரியல, இவங்க வீட்ல எப்டி சம்பந்தம்...” என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். காலையில் முகூர்த்தத்துக்கும் வரவில்லை. தாலி கட்டியாகிவிட்டது. ஆனால் ஆல்பம் முழுக்க அந்தப் பெண்ணின் கண் வீங்கித்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை ஆபீஸ். நேராக மண்டப சாஃப்ட்வேரின் குறைப் பட்டியலைத் திறந்தேன். டெஸ்டர்கள் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பழுதும் அதில்தான் பதிவாகும். ‘டபுள் புக்கிங்’ என்று தேடினேன்.

இருந்தது! பல மாதங்களுக்கு முன்பே யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். முழு அறிக்கையையும் தருகிறேன். இடம் அதிகம் வேண்டாம்.

தலைப்பு: புக்கிங் பிரச்சினை. விவரம்: சில நேரம் டபுள் புக்கிங் ஆகிறது. செக் பண்ணவும். அர்ஜென்ட்!!!

அவ்வளவுதான். கூடவே ஒரு படம். திரையை போனில் எடுத்த படம். அதில் மண்டபத்தின் டியூப்லைட் வெளிச்சமும் எடுத்தவரின் கட்டைவிரலும் தெளிவாகத் தெரிந்தன.

அதற்குக் கீழே புரோகிராம் எழுதுகிறவரின் பதில்: ‘என் சிஸ்டத்தில் சரியாக வேலை செய்கிறது.’ நிலை: மூடப்பட்டது.

எந்த மண்டபம்? தெரியாது. எந்தத் தேதி? தெரியாது. என்ன செய்தபோது நடந்தது? தெரியாது. மூன்று ஆச்சரியக்குறி மட்டும் இருக்கிறது. கடலூரில் ஏதோ ஒரு வீட்டில் கேஸ் கசிகிறது, சீக்கிரம் வாருங்கள் என்று போன் செய்துவிட்டு, விலாசம் சொல்லாமல் வைத்துவிடுவதைப் போல!

எழுதியவர் பிரபு. புதியவர் இல்லை, அனுபவசாலி. மூடியவர் நிவேதா. கெட்டிக்காரி. இதில் என் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? இரண்டு பேர் நாற்காலியும் முதுகோடு முதுகு ஒட்டி இருக்கும். ஒருவர் சாய்ந்தால் மற்றவர் தலையில் இடிக்கும்.

இருவரையும் கூப்பிட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்க்கிற குரலில்தான் கூப்பிட்டேன்.

“அந்த சிதம்பரம் மண்டப மேனேஜர் போன்ல என்னா சொன்னாரோ அத அப்டியே போட்டன் மேடம்” என்றார் பிரபு.

“நீங்க அவர எதுவும் கேக்கலையா?”

“அவர் அவசரத்துல இருந்தாரு.”

நிவேதாவிடம் திரும்பினேன். அவள் தயாராக இருந்தாள். “அதுல ஒரு விவரமும் இல்ல மேடம். நான் புதுசா புக்கிங் போட்டுப் பாத்தன். சரியாத்தான் இருந்துச்சு. வேற எதப் பாக்கறது?”

“திரும்பி உக்காந்து பிரபுவக் கேட்டிருக்கலாமே?”

ஏன் கேட்கவில்லை என்று பிறகு யோசித்தேன். இருவரும் சோம்பேறிகள் இல்லை. எங்கள் ஆபீஸில் டெஸ்டருக்கு மதிப்பெண், எத்தனை குறை பதிவு செய்தார் என்பதற்கு. புரோகிராமருக்கு மதிப்பெண், எத்தனை குறையை மூடினார் என்பதற்கு. பிரபு ஒன்று பதிவு செய்தார், அவருக்கு ஒரு மார்க். நிவேதா ஒன்றை மூடினாள், அவளுக்கு ஒரு மார்க். இருவரும் பாஸ். பழுது மட்டும் சாஃப்ட்வேருக்குள் கால் நீட்டிப் படுத்திருந்தது. இதை வேலை என்று நாம் சொல்கிறோம்!

தனசேகருக்கு போன் போட்டேன். அவர் குரலே சரியில்லை.

“ஓனர் இனிமே வர வேணாம்னுட்டாரு மேடம். பணம் வாங்கிக்கினுதான் ரெண்டு பேருக்கும் குடுத்தன்னு சொல்றாங்க. ஊருக்குள்ள தல காட்ட முடியல. என் பொண்டாட்டியே, ‘நெஜமா சொல்லு, வாங்கனியா’ன்னு கேக்குது.”

நான் கேட்டேன்: “எங்க நாத்தனார் வீட்டு புக்கிங்ல நீங்க என்னென்ன பண்ணீங்க? முதல்லேர்ந்து சொல்லுங்க.”

“மொதல்ல வேற தேதி போட்டிருந்தீங்க. மாப்பிள்ள வீட்ல யாரோ தவறிட்டாங்கன்னு தேதி மாத்தனீங்க இல்ல? நான் பழைய புக்கிங்கையே தொறந்து, தேதிய மட்டும் மாத்தனன்.”

“முன்னாடி ஒரு தடவ இந்த மாதிரி ஆச்சே, அப்ப?”

யோசித்தார். “அதுவும் தேதி மாத்தன கல்யாணம்தான் மேடம்.”

போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். நிவேதா அவசரமாக டைப் செய்கிற சத்தம் கேட்டது. புதிதாக ஒரு முகூர்த்தம் பதிவு செய்தாள். முதல் நாள் மாலையும் சேர்ந்து சிவப்பானது. சரி. அதே பதிவைத் திறந்து தேதியை மாற்றினாள். புதிய தேதி சிவப்பு. அதற்கு முதல் நாள் மாலை... பச்சை!

பளபளவென்று பச்சை. வாங்க வாங்க, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

நிவேதா நாற்காலியில் சாய்ந்து, “அய்யோ” என்றாள். பிரபு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் அதைச் சரிசெய்துவிட்டாள். அத்தனை மாதம் ஊறிய பழுதுக்குத் தேவைப்பட்டது ஒரு போனும் ஒரு கேள்வியும்.

“இப்ப எழுதுங்க” என்றேன் பிரபுவிடம். எழுதினார். என்ன செய்தால் வருகிறது, என்ன வந்திருக்க வேண்டும், என்ன வருகிறது, யார் செய்து பார்த்தாலும் வருகிறதா — நான்கும் இருந்தன. ‘சில நேரம்’ என்ற சொல் இல்லை. ‘செக் பண்ணவும்’ இல்லை. ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: ‘இதனால் ஒரே மாலையில் இரண்டு குடும்பங்கள் ஒரே வாசலில் நிற்க நேரிடும்.’ அதை டைப் செய்யும்போது அவர் கை கொஞ்சம் தயங்கியது. தயங்கட்டும்.

அந்த சாஃப்ட்வேர் வைத்திருக்கிற மற்ற மண்டபங்களிலும் தேதி மாற்றிய பதிவுகளைத் தேடினோம். இங்கே திருப்பாதிரிப்புலியூரிலேயே ஒன்று மாட்டியது. ஒரு நிச்சயதார்த்தமும் ஒரு காதுகுத்தும் அடுத்த வாரம் அதே மாலையில் சந்திக்கவிருந்தன. பிரபு உடனே அந்த மண்டபத்துக்குப் பேசினார். நிச்சயதார்த்த வீட்டுக்காரர்கள் கத்தினார்கள். ஆனால் வீட்டிலிருந்து கத்தினார்கள், வாசலில் நின்று அல்ல.

இதெல்லாம் முடிந்தபிறகு எங்கள் முதலாளியிடம் போனேன். மண்டப ஓனருக்கு நம் தவறு என்று எழுதித் தரவேண்டும், ஒரு மனுஷனின் வேலை போயிருக்கிறது என்றேன்.

“பழுதுன்னெல்லாம் எழுத வேணாம். புது அப்டேட் வந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க” என்றார் அவர், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புது அப்டேட்! திருடன் என்று பெயர் வாங்கி வீட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு நாங்கள் தருகிற சான்றிதழ் இது!

என் இடத்துக்கு வந்தேன். பிரபு எழுதிய அறிக்கையை ஒரு எழுத்தும் மாற்றாமல் மண்டப ஓனருக்கு அனுப்பினேன். கீழே என் பெயரைப் போட்டேன். ஜாஃபர் பாய்க்கும் ஒரு நகல். அண்ணனுக்கும் ஒன்று. என் ஆபீஸ் சாஃப்ட்வேர்தான் அது என்று அண்ணனிடம் நேரிலும் சொன்னேன். அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அது வேறு கதை.

முதலில் கூப்பிட்டது பாய். “படிச்சன்மா. அன்னிக்கி அந்த மேனேஜரப் பாத்து நான் கேக்கக் கூடாததெல்லாம் கேட்டுட்டன். ஓனர்கிட்ட நானே போய்ப் பேசறன்” என்றார். பேசவும் பேசினார்.

மறுநாள் ஓனர் அழைத்தார். “கம்ப்யூட்டர்ல எனக்கு ஒண்ணுந் தெரியாதும்மா. ஆனா நீங்க அனுப்புனது புரிஞ்சிடுச்சி. தனசேகர வரச்சொல்லிட்டன்.”

எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “யாரக் கேட்டு அனுப்பனீங்க?” என்றார். யாரையும் கேட்கவில்லை என்றேன். முறைத்தார். நானும் முறைத்தேன். மார்க் போடுகிற முறையை மாற்றுங்கள் என்று அங்கேயே நின்று சொல்லிவிட்டு வந்தேன். இதுவரை மாற்றவில்லை.

குறையைத் தெளிவாக எழுதினால் குறை போகும். மழுப்பி எழுதினால் ஒரு மனுஷன் மானம் போகும்.