மைப்பெட்டியைத் தள்ளிவிட்ட கை

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று பேர் நான் பெற்றவர்கள். இரண்டு பேர் செத்துப்போன என் தங்கச்சி பெற்றவர்கள். பருத்தி எடுத்தே வளர்த்தேன், யார் வாசலிலும் போய் நின்றதில்லை. அந்த இறுமாப்போடுதான் அன்றைக்கு, டவுனில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு ஜன்னலில், என் முன்னால் நகர்த்திவைத்த ஊதா மைப்பெட்டியைத் தள்ளிவிட்டேன்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவரை எல்லோரும் கம்ப்யூட்டரம்மா என்றே கூப்பிடுவார்கள். நாற்பது வயதிருக்கும். பந்தல்குடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். டாக்டர் செய்கிற ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஓர் எண் உண்டாம். வலது கண்ணா, இடது கண்ணா என்பதற்கும் தனிக்குறி உண்டாம். டாக்டர் சீட்டைப் பார்த்து அவர் அதைச் சரியாக ஏற்றினால்தான் காப்பீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு, அப்படி ஏற்றிய தாள் முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். அவர்கள் ஆபரேஷன் ஆன கண்ணைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் பெருவிரலைப் பிடித்து மையில் வைப்பார். கையெழுத்துப் போடுகிறவர்கள் என்றால், அவர்களே படித்துக்கொள்ளட்டும் என்று தாளை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிடுவார்.

எனக்கு என் பேரை எழுதத் தெரியும். ரெட்டியபட்டியில் பொழுதுசாய நடந்த வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டது. அதற்கு மேல் தாளில் இருப்பதெல்லாம் எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான்.

"மை எதுக்குத் தாயி? பேனாவக் குடு."

"கையெழுத்தா? அப்பச் சரி. படிச்சுப் பாத்துப் போடுங்கம்மா."

பின்னால் நின்ற ஒருத்தி, "அடியாத்தி, கலெக்டரம்மா கையெழுத்துப் போடுறாக, வழிய விடுங்க" என்றாள். வரிசையே சிரித்தது. நான் ஆபரேஷனுக்குப் பிறகு மாட்டிவிட்ட கறுப்புக் கண்ணாடி வழியாகத் தாளை மேலிருந்து கீழே பார்த்தேன். "பாத்தாச்சு. எல்லாஞ் சரியாருக்கு" என்றேன்.

சரியாக இல்லை. எனக்குப் புரை எடுத்தது வலது கண்ணில். தாளில் இடது கண் என்று ஏறியிருந்தது. அவர் விரல் தவறியது உண்மை. தவறினால் பிடித்து நிறுத்தத்தான் அந்தப் படித்துக் காட்டல். அதை வேண்டாம் என்றவள் நான்.

அடுத்த வருஷம் இடது கண்ணும் மங்கிப்போனது. அந்தக் கண்ணுக்கு ஏற்கெனவே ஆபரேஷன் ஆகிவிட்டது என்று காப்பீட்டில் மறுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியே பொய்க் கணக்கு எழுதியதோ என்று சந்தேகப்பட்டு, விசாரிக்க இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "அந்தம்மா ஒங்களுக்குப் படிச்சுக் காட்டுனாங்களா?" என்று கேட்டார்கள். "இல்ல" என்றேன். பொய் இல்லை. ஆனால் மைப்பெட்டியைத் தள்ளியதையும், பார்த்தாச்சு என்றதையும் சொல்லவில்லை. மருமகள் பக்கத்தில் நின்றாள். எங்க அத்தை எழுதப் படிக்கத் தெரிஞ்சவுக என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறவள். எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவள் முன்னால் காட்டிக்கொள்ள மனசில்லை.

குறியைத் திருத்தினார்கள், இடது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆனது. ஜன்னலில் வேறு ஆள் இருந்தார். படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினார் என்று கம்ப்யூட்டரம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம்.

போன மாதம் பந்தல்குடியில் பஸ் மாற இறங்கினேன். ரோட்டோரக் கடையில் கம்ப்யூட்டரம்மா லாரிக்காரர்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் என்னை அடையாளம் கண்டார்.

"ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுதாம்மா?"

"தெரியுது தாயி."

"அன்னைக்கு ஒங்களுக்கும் நான் வாசிச்சே காட்டியிருக்கணும். எம்புத்திக்கு ஒறைக்கல" என்றார்.

இரண்டு கண்ணாலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அதனால்தான் பேத்தியை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல இதை எழுதவைத்தேன். ஒரு தாள் ஆஸ்பத்திரிக்கு, ஒரு தாள் பந்தல்குடிக்கு. மைப்பெட்டி ஒன்று வாங்கிவரச் சொல்லியிருந்தேன். பேத்தி அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேனாவை நீட்டுகிறாள்.

"ஒனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே அப்பத்தா."

"தெரியும். பேனாவக் கீழ வையி. மொதல்ல இருந்து வாசி, ஒரு வரி விடாம. சத்தமா வாசி தாயி, அடுப்படியில இருக்க ஒங்கம்மாவுக்கும் கேக்கணும்."